கூலிப் பேய்

இப்போது பெரிய பட்டணங்களில் வருஷத்துக்கு ஒரு தரம் பேய்ப்படங்களுக்கென்றே விழா வைக்கிறார்களாம். பெரிய நடிகர் கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது. கையில் இருப்பதைப் போட்டு ஆளாளுக்கு எடுத்த சின்னப் படங்கள். அவற்றை வரிசையாகப் போட்டு, எது தேறும், எது தேறாது என்று படித்தவர்கள் உட்கார்ந்து கருத்துச் சொல்கிறார்களாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். இதைக் கச்சிராயபாளையத்துப் பக்கம் கீற்றுக்கொட்டகையில் நான் எப்போதோ நடத்தி முடித்துவிட்டேன், மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான். என் விழாவில் கருத்துச் சொல்ல ஒரே ஆள்தான். அந்த அம்மா வாயைத் திறந்தால் படம் அன்றோடு செத்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நானே சொன்னால்தான் உண்டு. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சின்னசேலம் சுவரெல்லாம் வால்போஸ்டர் ஒட்டினவன். அப்புறம் கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன், மிஷின் ஓட்டக் கற்றேன், கடைசியில் கொட்டகையையே வாங்கினேன். கள்ளக்குறிச்சியில் இன்று எனக்குச் சொந்தக் கட்டடம் நிற்கிறது. அந்தக் காலத்தில் நல்ல படங்களை டவுன் தியேட்டர்காரர்கள் எங்களுக்கு விடமாட்டார்கள். சேலத்து குடோன்களில் யாரும் கேட்காத படப்பெட்டிகள் கிடக்கும். தோண்டிப் பார்த்தால் பாதி பேய்ப்படம். மாசி மயானக்கொள்ளைக்குக் கல்வராயன் மலைச்சனம் கீழே இறங்கும், சுற்றூர்ச் சனமெல்லாம் கூடும். பகலில் அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போய் ஆடுவாள், சாயங்காலம் என் கொட்டகையில் பேய் ஆடும். நாளுக்கு ஒரு படம், திருவிழா முடிகிற வரைக்கும். இந்த யோசனை எந்தப் படித்தவனுக்கும் வரவில்லை. எனக்கு வந்தது.

கொட்டகை நின்றது அந்த அம்மாவின் தரிசில். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தரிசு, அந்தப் பக்கம் அவருடைய கரும்பு, கரும்புக்கு நடுவில் வீடு. வீட்டு வாசல் விளக்கு கொட்டகையிலிருந்தே தெரியும். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை, அத்தனை கரும்பையும் தனியாளாக ஆண்டுகொண்டிருந்தார். இடத்துக்கு வாடகை பேசப் போனேன்.

"நீ வாடகை குடுத்துதான் நான் சோறு துன்னணுமா, கொட்டாய்க்காரா? ஒரு நாற்காலி போடு. நடுவுல போடு. எனக்கு முன்னால ஒரு தலை தெரியக்கூடாது."

பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். அந்த அம்மா சின்ன உருவம். கை மட்டும் பெரியது, ஆண்பிள்ளைக் கை. மடியில் வறுத்த வேர்க்கடலை கட்டிக்கொண்டு வருவார். படம் தொடங்கியதிலிருந்து 'டப், டப்' என்று ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பேய் வருகிற கட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைப்பார்கள். அந்த நிசப்தத்திலும் கடலை உடையும்.

முதல் வருஷம் போட்ட படத்தில் வெள்ளைப்புடவைக்காரி ஒருத்தி கொலுசுச் சத்தத்தோடு வருவாள். ஜனங்கள் மூச்சு விடவில்லை. நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, செத்தவ காலுல கொலுச எவன் வுட்டு வச்சான்? பொதைக்கிறதுக்கு முன்னாலயே நாத்தனாக்காரி கழட்டிகினு போயிருப்பாளே."

கொட்டகையே சிரித்தது. அதோடு அந்தப் பேய் ஒழிந்தது. அப்புறம் அவள் வந்தபோதெல்லாம் ஜனங்கள் காலைத்தான் பார்த்தார்கள்.

அவர் பேய்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், நாற்காலியைப் பார்ப்பார்கள். மடியில் இருக்கிற தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொல்வார். 'கூலிப் பேய்' என்றால் தீர்ந்தது. "நேரத்துக்கு வருது, சொன்ன எடத்துல நிக்குது, பொழுதானா போவுது. கூலிக்கு வந்தது அது. அதுக்கு இன்னா பயப்படறது?" என்பார். ரெண்டாம் ஆட்டத்துக்கு வெளியே நிற்கிற கூட்டத்துக்கு அந்தச் சொல் என் மைக் செட்டை விட வேகமாகப் போய்ச் சேரும். பாதி பேர் ராட்டினத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நல்ல பேய்க்குப் பெயர் 'வூட்டுப் பேய்'. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் அந்தப் பட்டம் கொடுத்தார். அதில் செத்துப்போன மாமியார் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் படம். தூக்கம் வருகிற படம் என்று நான் நினைத்தேன். "அதுக்கு வேல ஒண்ணும் இல்ல பாத்தியா? சும்மா வருது, சும்மா போவுது. அதான் பயம்" என்றார். அந்தப் படத்துக்கு ரெண்டாம் ஆட்டத்தில் கூட்டம் நெருக்கியதில் கொட்டகையைச் சுற்றி அடைத்த தட்டி கிழிந்தது. அதிலிருந்து சேலத்தில் பெட்டி எடுக்கும்போது அவர் காதால் கேட்டுத்தான் எடுப்பேன். என்னிடம் படம் கொடுத்தவர்களே அசந்துபோவார்கள், இந்த ஆளுக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்று.

ஒரு வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு படத்தில் பேயாக நடித்த பெண்ணைச் சேலத்திலிருந்து நேரிலேயே அழைத்து வந்தேன். நாடகத்தில் இருந்த பெண். படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் நிறுத்தினேன், ஜனங்கள் கைதட்டட்டும் என்று. அந்த அம்மா நாற்காலியிலிருந்து கேட்டார்.

"நீதான் அந்தப் பேயா?"

"ஆமாங்கம்மா."

"கத்து."

"அம்மா?"

"படத்துல கத்துனியே, அத்த இங்க கத்து. பாக்கலாம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் 'கத்து கத்து' என்று கை காட்டினேன். கத்தியது. பஸ்ஸில் வந்த களைப்பு, குரல் நடுவில் பிசிறியது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"இன்னொரு தரம்."

மறுபடி கத்தியது. இன்னும் சிரித்தார்கள். "பசிக்குதா? இன்னொரு தரம், சோறு போடச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா. அடுத்த தரம் கத்தல் வரவில்லை, அழுகைதான் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விக்கியது.

"தோ, இதான் சத்தம்" என்றார் அந்த அம்மா கொட்டகைக்குக் கேட்கும்படி. "இத்த படத்துல வச்சிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். கொரல்னா இன்னான்னே தெரியாம படம் எடுக்கிறானுங்க."

அந்தப் பெண் சாப்பிடாமலேயே சின்னசேலம் பஸ் ஏறிப் போய்விட்டது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

தப்பு கண்ணில் பட்டால் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. சொந்தப் படம் மாதிரி திருத்துவார். "பயமே இல்லீங்களாம்மா ஒங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "செத்தது செத்ததுதான். பேயாவது ஒண்ணாவது. கரும்புக்கு நடுவுல ஒண்டியா கெடக்கிறேன், எதனா வந்து என் கதவத் தட்டியிருக்கா?" என்றார்.

தட்டவில்லை, கூப்பிட்டது. அந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் அங்கே கொட்டகை போடுவதற்கு முந்தி நடந்தது. அவர் கரும்புக் கொல்லையில் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை இருட்டுகிற நேரத்தில் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரே வீடு அவருடையது, ஒரே வண்டி அவருடையது. வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. காலையில் கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாள். அந்த அம்மா ஊரைக் கூட்டிச் சொன்னார்: "ரெண்டு தரந்தான் கூப்ட்டுது. மூணாந்தரம் கூப்புடல. பேய்னு இருந்துட்டேன்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் இருட்டின பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். பேய் ரெண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. மனுஷன் கூப்பிடுவான். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படிக் கதவை மூடிக்கொண்டு படுக்கிறவர்கள்தான். அன்று அந்த வண்டி ஆலைக்குப் போகிற கரும்பை ஏற்றிக் கட்டி நின்றது, இறக்கினால்தான் ஆளை ஏற்ற முடியும். இதுவும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவன் அவள் பிள்ளை. தாய் செத்தபோது சின்னப் பையன். சின்னம்மாக்காரி சின்னசேலத்துக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். வளர்ந்து கல்யாண வீடியோ எடுக்கிற வேலைக்குப் போனான். திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் கையில் கேசட்டோடு என்னிடம் வந்து நின்றான்.

"பேய்ப்படம் எடுத்திருக்கேங்க மொதலாளி. ஒங்க திருவிழா வரிசையில போடணும்."

"வீடியோவா? யாருடா நடிச்சது?"

"ஒரு கதவுங்க."

இப்படி ஒருத்தன் என்னிடம் வந்து பேசியதில்லை. உட்காரச் சொன்னேன். யாருடைய பிள்ளை என்று அப்போதுதான் சொன்னான். அப்புறம் சொன்னான்:

"பேய்க்குப் பயப்படாதவங்கன்னு ஊரெல்லாம் பேரு. அன்னிக்கி மட்டும் ஏன் பயந்தாங்க? எங்கம்மா கொரல்னு தெரிஞ்சிதான் படுத்துகினு இருந்தாங்களா, அத்த நான் தெரிஞ்சிக்கணும். இந்தப் படத்தப் பாத்து சிரிச்சாங்கன்னா அன்னிக்கி பயந்தது பொய். பயந்தாங்கன்னா போவட்டும், நான் வுட்டுடறேன்."

"பயந்தா வுட்டுடுவியா?"

"வுட்டுடுவேங்க. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

நான் வியாபாரி. இந்தப் படத்துக்குக் கூட்டம் வரும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. திரைக்கு முன்னால் மேசை போட்டு டி.வி. பெட்டிகளை அடுக்கி, வீடியோ டெக்கை மாட்டி, சத்தத்தை மட்டும் கொட்டகை ஸ்பீக்கரில் விட்டேன். அந்தப் பக்கத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் நான். யார் பையன் எடுத்தது என்பதையும் டீக்கடையில் லேசாகக் காதில் போட்டேன். கரும்பு வெட்டுகிற சனம் மொத்தமும் தரை டிக்கெட்டில் வந்து உட்கார்ந்தது.

படத்தில் ஒரு வீடு. உள்ளேயிருந்து பார்க்கிறோம். மூடின கதவு. வெளியே இருட்டு. "அம்மா" என்று ஒரு பொம்பளைக் குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் "அம்மா". அப்புறம் காலடிச் சத்தம் தள்ளித் தள்ளிப் போகிறது. அடுத்த நாளும் அதே கதவு, அதே குரல். உருவமே வரவில்லை. கேட்டவர்கள் யாரும் அசையவில்லை. நடு நாற்காலியில் கடலை உடைந்துகொண்டிருந்தது, டப், டப்.

விளக்குப் போட்டேன். எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. பையன் டி.வி. பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அந்த அம்மா தோலைத் தட்டிவிட்டார்.

"கூலிப் பேய்."

ரெண்டு பேர் பழக்க தோஷத்தில் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா எடுத்தது?"

"ஆமாங்க. ஒங்க கொல்லையில கரும்பு வெட்டினவங்க புள்ளைங்க."

"தெரியுது, அவ மூஞ்சிதான். கதவ நல்லா எடுத்திருக்கிற. வெளிய இருக்கிறத காட்டாம வுட்ட பாரு, அது சமத்து. வூட்டுப் பேயா வர வேண்டிய படம். கொரலாலதான் கெட்டுது." அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டார். தப்பைக் கண்டுபிடித்தால் அப்படித்தான் சாய்வார். "இவ்ளோ தெளிவாவா கூப்புடுவா? வெஷம் ஏறிப்போச்சி. நாக்கு தடிச்சி, வாயில துணி அடச்சாப்பல இருந்திச்சி. 'ம்மா'ன்னுதான் வந்திச்சி, பாதிதான். அதுவும் ரெண்டு தரமா? நாலு தரம் கூப்ட்டா. கடைசிது கதவுக்குக் கீழருந்து வந்திச்சி, ஒக்காந்துட்டா போல."

சொல்லி முடித்துவிட்டு ஒரு கடலையை எடுத்தார். உடைக்கவில்லை.

"சரிங்க" என்றான் பையன். வேலை சொல்லிக்கொடுத்த ஆளிடம் சொல்வதைப் போலச் சொன்னான். டெக்கிலிருந்து கேசட்டை எடுத்துத் துடைத்து உறையில் போட்டான்.

பஞ்சாயத்து எதுவும் கூடவில்லை. யார் கூட்டுவது? கரும்பு அவருடையது, வெட்டுகிறவர்களுக்குக் கூலி வேண்டும். மறுநாளும் வெட்டப் போனார்கள். ஆனால் டீக்கடையில் ஒருத்தன் காதில் விழாத மாதிரி இருந்தால், "இன்னாடா, நாலு தரம் கூப்புடணுமா ஒன்ன?" என்பார்கள். அவர் வருவது தெரிந்தால் சத்தமாகச் சொல்வார்கள். அவர் நின்று, சொன்னவனை முறைத்துவிட்டுத்தான் போவார்.

அடுத்த மாசிக்குப் பையன் மறுபடி வந்தான். படத்தைத் திருத்தியிருந்தான். குரல் கொடுத்தது சின்னம்மாக்காரியாம், வாயில் துணியை அடைத்துக்கொண்டு. திருவிழாவின் கடைசி நாளுக்கு வைத்தேன். எந்தப் பெரிய நடிகர் படத்துக்கும் நான் அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் தட்டிக்கு வெளியிலும் நின்றார்கள். படம் பார்க்க வந்த கூட்டமில்லை அது. அதனால் நாற்காலியை நான் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டேன், டி.வி. வெளிச்சம் அந்த அம்மா முகத்தில் விழுகிற மாதிரி. கொட்டகை நடத்துகிறவனுக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

அவர் வருவாரா என்று பந்தயம் கட்டினார்கள். வந்தார். "வராம போனா பயந்துட்டான்னு சொல்லுவானுங்க இல்ல?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நாற்காலி இடம் மாறியிருந்ததைக் கவனித்தார்.

அதே கதவு. "ம்மா" என்றது குரல். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். அதற்கப்புறம் நெடுநேரம் சத்தமில்லை. அந்த அம்மா சொன்ன மாதிரியே நாலாவது குரல் கதவுக்குக் கீழேயிருந்து வந்தது. மடியில் கடலை இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

தரை டிக்கெட்டில் பொம்பளைகள் பக்கமிருந்து ஒரு கிழவி டி.வி.யில் தெரிந்த கதவைப் பார்த்துச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப் போல, மெதுவாக:

"தெறக்க மாட்டாங்க. நீ போயிடு தாயி."

'மாட்டாங்க' என்றுதான் சொன்னாள். கூலிக்குப் போகிறவள், மரியாதை விடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. படம் முடிகிற வரைக்கும் அத்தனை கண்ணும் நாற்காலி மேலேயே இருந்தது. அந்தப் பெரிய கைகள் இரண்டும் பிரம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

விளக்குப் போட்டேன். வழக்கம்போல யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா மடியைத் தட்டிவிடவும் இல்லை, பேசவும் இல்லை. கருத்துச் சொல்லாமல் என் கொட்டகையில் விழா முடிந்ததில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாங்கம்மா? கூலியா, வூடா?"

அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அத்தனை வருஷமும் தனியாக நடந்து வந்து, கடலைத் தோலைத் துப்பிக்கொண்டே தனியாக நடந்து போனவர்.

"தொணைக்கு ஒரு ஆள அனுப்பு" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார்.

எனக்கு அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் தட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றது, நான் நகர முடியாது. பையனைப் பார்த்தேன். அவன் குனிந்து டெக்கில் கேசட்டை முதலிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தான். ஜனங்களைப் பார்த்துக் கூப்பிட்டேன், யாராவது அம்மாவை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள் என்று. தரையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுப் பக்கம் திரும்பி இன்னொரு தரம் கூப்பிட்டேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். மூன்றாம் தரமும் கூப்பிட்டேன்.

நாலாவது தரம் மைக்கிலேயே கூப்பிட்டேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது.